படகுப் பட்டறையில் அடித்த சவுண்ட் வண்டி

குளச்சல் பக்கம் விசைப்படகு ரிப்பேர் பார்க்கும் பட்டறை ஒன்றில் என் சவுண்ட் வண்டியைச் சொல்லிச் செய்து வாங்கினேன். உலோக வேலைக்கு நூற்றுக்குத் தொண்ணூறு மார்க் தாராளமாகப் போடலாம். வண்டி சத்தம் எழுப்பாமல் இருப்பதில் பாஸ் மார்க். சொன்ன தேதிக்குக் கொடுப்பதில் பெயில். அங்கே போகிறவர்கள் மூன்றையும் தெரிந்துகொண்டே போங்கள்.

இந்தத் துறையில் இல்லாதவர்களுக்கு ஒரு வார்த்தை. டப்பிங்குக்கு விடாமல் ஷூட்டிங் இடத்திலேயே நேரடியாக வசனம் பதிவு செய்பவர் ரெக்கார்டர், வயர்லெஸ் ரிசீவர்கள், பேட்டரி, மானிட்டர், மைக்கை நுனியில் மாட்டி நீட்டும் பூம் கம்பு எல்லாவற்றையும் அடுக்கி உருட்டிக்கொண்டு போவதுதான் சவுண்ட் வண்டி. அமெரிக்காவிலிருந்து வரும் பிஎஸ்சி யூரோகார்ட் மாதிரி ரெடிமேடும் உண்டு. நல்ல வண்டிதான். ஆனால் கப்பல் கூலியும் சுங்க வரியும் சேர்ந்தால் அந்தப் பணத்துக்கு இன்னும் இரண்டு வயர்லெஸ் செட் வாங்கிவிடலாம். ராக் அன் ரோலர் மடக்கு வண்டியை வாங்கி மேலே தட்டு அடித்து ஓட்டுகிறவர்களும் இருக்கிறார்கள். ஸ்டுடியோ தரைக்கும் சிமென்ட் ரோட்டுக்கும் அது போதும். நமக்கு அமையும் லொகேஷன் முட்டத்துப் பாறை, சொத்தவிளை மணல், ஆரல்வாய்மொழிக் காற்று. அதுவும் இல்லையென்றால் முழங்கால் உயர வாசற்படி வைத்த பழைய ஓட்டு வீடு.

முதலில் கேட், கிரில் அடிக்கும் கடைகளில்தான் விசாரித்தேன். எல்லாரும் எஸ்.எஸ். (ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்) பைப்பில் அடித்துத் தருவதாகச் சொன்னார்கள். எந்த கிரேடு என்று கேட்டால் காந்தத்தை வைத்து, "பாருங்க, ஒட்டலை, ஒரிஜினல்" என்பார்கள். காந்தம் 202-லும் ஒட்டாது, 304-லும் ஒட்டாது, 316-லும் ஒட்டாது. 202 கிரேடை கடற்கரையில் கொண்டு நிறுத்தினால் சீக்கிரமே பழுப்புப் புள்ளி விழும். உப்புக் காற்றைத் தாங்குவது மாலிப்டினம் கலந்த 316தான். இதை நான் விளக்காமலே எனக்குச் சொன்னவர் இந்தப் பட்டறை மேஸ்திரி ஒருவர்தான். ஆர்டரை அவரிடம் கொடுக்க அதுவே போதுமானதாக இருந்தது.

வண்டியின் சட்டம் முழுக்க 30க்கு 30 மில்லிமீட்டர் அனோடைஸ் செய்த அலுமினியம் செக்‌ஷன். நாலு பக்கமும் பள்ளம் ஓடும் வகை. அதை நானே வாங்கிக் கொடுத்தேன். ஆலன் சாவியால் இரண்டு திருகு தளர்த்தினால் தட்டு மேலே கீழே நகரும். நாளைக்கு மிக்சரை மாற்றினாலும் வண்டியை வெட்ட வேண்டியதில்லை. பாரம் தாங்கும் அச்சும் கைப்பிடியும் மட்டும் 316. ஆர்கான் வெல்டிங். கைப்பிடி வளைவில் ஜாயின்ட் எங்கே இருக்கிறது என்று விரலால் தடவித்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

சவுண்ட் கருவிகளைத் திருகி மாட்டும் சட்டம்தான் ரேக். அதன் அளவில் ஒரு வேடிக்கை. நான் மில்லிமீட்டரில் வரைந்து எடுத்துப்போயிருந்தேன்: முகப்பு 482.6, ஒரு யூனிட் உயரம் 44.45. மேஸ்திரி தாளைப் பார்த்து முகம் சுளித்தார். இன்ச் டேப்பை எடுத்து வைத்ததும் சிரித்துவிட்டார். "பத்தொம்பது இன்ச்சு. உயரம் ஒண்ணே முக்கால். இதுக்கா மக்கா இத்தன புள்ளி வச்சிருக்க?" துளைகளுக்கு நடுவே உள்ள தூரமும் அப்படித்தான்: அஞ்சு நூல், அஞ்சு நூல், நாலு நூல். (ஒரு நூல் என்பது இன்ச்சில் எட்டில் ஒரு பங்கு.) உலகம் முழுக்க ஸ்டுடியோக்களில் இருக்கும் ரேக் கணக்கு அவருடைய நூல் கணக்கில் மிச்சமில்லாமல் விழுந்துவிட்டது. கொண்டுவந்து மாட்டியபோது ஒரு துளைகூடப் பிசகவில்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அலுமினியத்தில் எஸ்.எஸ். போல்ட்டை நேராக முடுக்கினால், உப்பு ஈரம் பட்டதும் இரண்டு உலோகத்துக்கும் நடுவே மின்வேதி வினை நடந்து அலுமினியம் வெள்ளைப் பொடியாக அரிக்கும். அவர் ஒவ்வொரு போல்ட்டுக்கும் கீழே நைலான் வாஷர் போட்டு, மரையில் கிரீஸ் தடவித்தான் முடுக்கியிருக்கிறார். நான் கேட்கவில்லை. படகில் செய்கிற பழக்கம், கை தானாகச் செய்திருக்கிறது.

சக்கரம் பின்னால் பத்து இன்ச் டியூப் டயர், முன்னால் எட்டு இன்ச் சுழலும் சக்கரம், பிரேக்குடன். மணலில் இறங்கும்போது பின் டயரில் காற்றைக் கொஞ்சம் இறக்கிவிட்டால் பதியாமல் போகிறது. பாறையில் அதே இளக்கம் அதிர்ச்சியையும் வாங்கிக்கொள்கிறது. அகலத்தைச் சக்கரத்தோடு சேர்த்து இரண்டடிக்குள் நிறுத்தச் சொல்லியிருந்தேன். நிறுத்திவிட்டார். ஓட்டு வீட்டு வாசலில் இரண்டு பேர் தூக்கினால் உள்ளே போய்விடும்.

பேட்டரி தட்டை அடியிலேயே வைத்தோம். 12.8 வோல்ட், 50 ஆம்பியர்-அவர் லித்தியம் அயர்ன் பாஸ்பேட். என் ரெக்கார்டரும் ரிசீவர்களும் மானிட்டரும் சேர்ந்து நாற்பது வாட் சுமாருக்கு இழுக்கும். ஒரு நாள் ஷூட்டிங்கைத் தாண்டியும் மிச்சம் இருக்கும். ஜெனரேட்டர் லைனைத் தொட வேண்டிய தேவையில்லை, அதனால் கரண்ட் லைனிலிருந்து ஒலிப்பதிவில் ஏறும் 50 ஹெர்ட்ஸ் ஹம் என்ற முனகல் தொல்லையும் இல்லை. பாரம் அடியில் இருப்பதால் இரண்டு மீட்டர் ஆன்டெனா கம்பத்தை நீட்டி நிறுத்தினாலும் முப்பந்தல் காற்றில் வண்டி சாயவில்லை. ஆன்டெனா ஆள் தலைக்கு மேலே நிற்பது முக்கியம். வயர்லெஸ் மைக்குகள் அனுப்பும் யுஎச்எஃப் ரேடியோ அலையை மனித உடம்பு உறிஞ்சிவிடும், யூனிட் ஆட்களோ எப்போதும் குறுக்கேதான் நிற்பார்கள்.

இனி குறை. இழுப்பறைக்கு டெலஸ்கோப்பிக் சேனல் போட்டிருக்கிறார். உள்ளே இருக்கும் குண்டுகள் ஆடுகின்றன. ஷாட் போகும்போது வண்டி நிற்கத்தான் செய்யும், ஆனால் ஆடிக் காற்றில் கம்பம் ஆடினால் அந்த அதிர்வு இழுப்பறைக்கு இறங்கிக் கிணுகிணுவென்று கேட்கிறது. பத்தடி தள்ளி நிற்கும் பூம் மைக் அதைத் தெளிவாகப் பிடிக்கிறது. கொண்டுபோய்க் காட்டினேன். காதை வைத்துக் கேட்டுவிட்டு, "படகுல கலகலன்னு சத்தம் வரலேன்னாத்தான் மக்கா பயப்படணும்" என்றார். அவரிடம் இதற்கு மேல் என்ன பேச? நானே நியோப்ரீன் பட்டை வாங்கி சேனல் ஓரத்திலும் தட்டின் அடியிலும் ஒட்டினேன். நம்ம ஊர் ரப்பர் ஷீட்டையே ஒட்டித் தருகிறேன் என்று அவர் சொன்னதும் உண்மை. ரப்பர் விளையும் மாவட்டத்தில் இருந்துகொண்டு இதைச் சொல்ல மனசு வரவில்லை, ஆனாலும் வெயிலில் நிற்கும் பொருளுக்கு இயற்கை ரப்பர் சரிவராது, வெடித்துவிடும்.

பூம் கம்பு செருகும் குழாயின் வாயைப் பிசிர் எடுக்காமல் விட்டிருந்தார். கார்பன் ஃபைபர் கம்பில் கீறல் விழும். அரம் போட்டுத் தேய்த்தால் தீர்ந்தது. மழை உறை அவர் வேலையில் சேராது. ஆட்டோ ஹூட் தைக்கும் கடையில் தைத்துக்கொள்ளலாம்.

கூலி, 316 பைப், சக்கரம் எல்லாம் சேர்த்து அவர் வாங்கியது 22,000 ரூபாய். அலுமினியமும் பேட்டரியும் தனி. இந்த வேலைக்கு இது குறைவுதான். பில் கேட்டால் வெள்ளைத் தாளில் எழுதித் தருவார். கம்பெனிக் கணக்கில் காட்ட வேண்டியவர்கள் முதலிலேயே பேசிக்கொள்ளுங்கள்.

தாமதத்துக்குக் காரணம் நான் போன மாதம். மேற்குக் கரையில் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை விசைப்படகுக்கு மீன்பிடித் தடை. படகெல்லாம் கரையேறி நிற்கும், மராமத்து முழுக்க அந்த இரண்டு மாதத்தில்தான். அப்போது சவுண்ட் வண்டி என்று போய் நின்றால் உட்காரச் சொல்லி டீ வாங்கித் தருவார்கள், வேலை நடக்காது. ஆகஸ்ட் பிறந்து படகுகள் கடலுக்கு இறங்கியதும் போங்கள். அளவை இன்ச்சிலும் நூலிலும் எழுதி எடுத்துப்போங்கள். இழுப்பறை வேண்டாம் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள்.