கம்யூனிட்டி காலேஜ்ல மூணு இங்கிலீஷ் ரைட்டிங் கோர்ஸ் முடிச்சாச்சு, என்னோட ரிவ்யூ

டெக்சாஸ்ல வேலைக்குப் போயிட்டே கம்யூனிட்டி காலேஜ்ல படிக்கிற நம்ம ஆளுங்க என்கிட்ட அடிக்கடி கேக்குற கேள்வி ஒண்ணுதான், அக்கா அந்த ரைட்டிங் கோர்ஸ் எல்லாம் எடுக்கத்தான் வேணுமா, ஆபீஸுக்கு உதவுற டெக்னிக்கல் ரைட்டிங் மட்டும் எடுத்தா போதாதான்னு. நான் 1301 (முதல் ரைட்டிங் கோர்ஸ்), 1302 (அதுக்கு அடுத்தது), 2311 (நீங்க கேக்குற டெக்னிக்கல் ரைட்டிங்) மூணையும் மூணு செமஸ்டர்ல ஈவ்னிங் பேட்ச்ல முடிச்சேன், பகல்ல ஒரு ஆஸ்பத்திரி லேப்ல வேலை. (டெக்சாஸ்ல எந்த கம்யூனிட்டி காலேஜ் போனாலும் இந்த கோர்ஸுக்கு இதே நம்பர்தான், அதனால தேடுறது சுலபம்.) என் பதில், மூணும் எடுங்க, அதுலயும் எல்லாரும் பயப்படுற 1302ஐ தள்ளிப் போடாதீங்க. ஆபீஸ் மெயில் எழுத எனக்கு கை கொடுத்தது அதுதான்.

1301 பத்தி பெருசா சொல்ல ஒண்ணுமில்ல. பாரா எப்படி கட்டுறது, நாம சொல்ல வர்ற விஷயத்தை ஒரு வரியில எப்படி வைக்கிறது, அடுத்தவங்க எழுதினதை எடுத்தா எப்படி குறிப்பிடுறதுன்னு அடிப்படை எல்லாம் வரும். சந்தேகம் வந்தா பர்டூ யுனிவர்சிட்டியோட ஆன்லைன் ரைட்டிங் லேப் இருக்கு, எல்லாரும் ஆவுல்னு சொல்லுவாங்க, 1994ல இருந்து ஆன்லைன்ல இருக்கு, ஃப்ரீ. அடுத்தவங்க எழுதினதை குறிப்பிடுறதுக்கு எம்எல்ஏ, ஏபிஏன்னு ரெண்டு முறை உண்டு, ரெண்டுக்கும் உதாரணத்தோட இருக்கு, காசு கொடுத்து வேற புக் வாங்க வேண்டாம்.

1302ல முதல் அஞ்சு வாரம் ரெட்டரிக், அதாவது பேச்சாலயும் எழுத்தாலயும் அடுத்தவங்களை இணங்க வைக்கிற கலை. நான் நினைச்சது மேடைப்பேச்சு மாதிரி ஏதோ வரும்னு. ஆனா புரொஃபசர் முதல் நாளே போர்டுல எழுதினது, யார் பேசுறாங்க, யாருக்கு, எந்த நேரத்துல, எதனால இப்ப பேசியே ஆகணும். 1968ல லாய்ட் பிட்சர்னு ஒருத்தர் எழுதின கட்டுரையில இருந்து வர்ற யோசனை இது, ஒரு பேச்சு சும்மா பிறக்கிறதில்ல, ஏதோ ஒரு நெருக்கடி அதை கூப்பிடுதுன்னு சொல்றாரு. அதைக் கேட்டதும் எனக்கு நேரா ஞாபகம் வந்தது நம்ம ஸ்கூல் தமிழ் புக்தான், குறுந்தொகை பாட்டுக்கு பக்கத்துல தலைவி கூற்று, தோழி கூற்றுன்னு போட்டிருக்கும்ல, தொல்காப்பியம் செய்யுளியல்ல கூற்று, கேட்போர், களன், காலம், பயன்னு வரிசையா வரும்ல. பரீட்சைக்கு மனப்பாடம் பண்ணி எழுதிட்டு வந்தது, எதுக்குன்னு அப்ப யாரும் சொல்லித் தரல. இங்க வந்து ஒரு இங்கிலீஷ் வகுப்புல உக்காந்திருக்கும்போதுதான் அது எவ்வளவு கூர்மையான கருவின்னு புரிஞ்சுது, எனக்கு அன்னைக்கு உண்மையிலேயே சிலிர்த்துப் போச்சு.

அப்புறம் கறுப்பின மக்களோட உரிமைக்குப் போராடின மார்ட்டின் லூதர் கிங் 1963 ஏப்ரல்ல பர்மிங்காம் ஜெயில்ல இருந்து எழுதின கடிதம். அலபாமாவுல 8 வெள்ளைக்கார மதகுருமாருங்க, போராட்டம் வேண்டாம், பொறுமையா இருங்கன்னு அறிக்கை விட்டிருந்தாங்க, அதுக்கு பதில் இது. அதுல ஒரே ஒரு வாக்கியத்துக்கு மட்டும் புரொஃபசர் ரெண்டு வகுப்பு எடுத்தாரு. 300 வார்த்தைக்கு மேல போற வாக்கியம். நீங்க இதைப் பாத்திருந்தா, நீங்க இதை அனுபவிச்சிருந்தா, உங்க ஆறு வயசு பொண்ணுகிட்ட இந்த பார்க்குக்கு நீ போக முடியாதுன்னு சொல்ல வாய் குழறி நின்னிருந்தான்னு ஒண்ணு மேல ஒண்ணா அடுக்கிக்கிட்டே போவாரு, முக்கியமான விஷயம் கடைசியிலதான் வரும், அப்ப புரியும் எங்களால ஏன் காத்திருக்க முடியலன்னு. காத்திருங்கன்னு சொன்னவங்களை அந்த வாக்கியத்துக்குள்ளயே காத்திருக்க வைக்கிறாரு. எனக்கு முதல்ல இதுல என்ன விசேஷம்னு புரியல, ஏன்னா தமிழ்ல வினை பெரும்பாலும் கடைசியிலதான் வரும், நமக்கு காத்திருந்து பழக்கம். இங்கிலீஷ்ல அது முன்னாடியே வந்துடும், தள்ளிப் போட்டா ஒருத்தர் வேணும்னே தள்ளிப் போட்டிருக்காருன்னு அர்த்தம். இதை வகுப்புல கை தூக்கி சொன்னேன், புரொஃபசர் என்னை போர்டுக்கு கூப்பிட்டு ஒரு தமிழ் வாக்கியம் எழுதிக் காட்டச் சொன்னாரு, அன்னைக்கு வகுப்பு முடிஞ்சும் பத்து நிமிஷம் பேசிட்டிருந்தோம்.

லிட்டரேச்சர் பகுதியில கேட் ஷோபின் 1894ல எழுதின ஒரு குட்டிக் கதை, ஆயிரம் வார்த்தைதான் இருக்கும். இதய நோய் உள்ள ஒரு பொண்ணு, புருஷன் ரயில் விபத்துல செத்துட்டான்னு சேதி வருது, ரூம்ல தனியா உக்காந்து இனி நான் சுதந்திரமா இருப்பேன்னு உணர்றா, அப்புறம் புருஷன் உயிரோட கதவைத் திறந்து வர்றான், இவ செத்து விழுறா. அவ சந்தோஷம் தாங்காம செத்துட்டாள்னு கடைசி வரி முடியும். ஆனா அதை சொல்றது டாக்டருங்க! கதை சொல்றவங்க அப்படி சொல்லவே இல்ல. இதைப் பிடிச்சதுல இருந்து லேப்ல எந்த ரிப்போர்ட் படிச்சாலும், 'பேஷண்டுக்கு வலி இல்லை'ன்னு இருந்தா இது யார் கூற்று, பேஷண்ட் சொன்னாரா, எழுதினவங்க நினைச்சாங்களான்னுதான் எனக்கு கண்ணு போகுது.

2311ல மெமோ, மெயில், ரிப்போர்ட், ரெஸ்யூமே. இதுல உயிர் உள்ள பகுதி சேலஞ்சர்ங்கிற அமெரிக்க விண்வெளி ஷட்டில் வெடிச்சதைப் பத்தின வாரம். ரோஜர் போஷ்லேங்கிற இன்ஜினியர் 1985 ஜூலை 31ல தன் கம்பெனி வைஸ் பிரசிடெண்டுக்கு மெமோ எழுதுறாரு, ஷட்டிலை மேல தள்ளுற பூஸ்டர் ராக்கெட்டோட மூட்டுல இருக்கிற ஓ-ரிங் (கசிவைத் தடுக்கிற ரப்பர் வளையம்) அரிச்சுப் போகுது, இப்பவே கவனிக்கலேன்னா மனுஷ உயிர் போகும்னு அதுலயே இருக்கு. 1986 ஜனவரி 28ல ஷட்டில் கிளம்பி 73 செகண்டுல வெடிச்சு 7 பேரு போயிட்டாங்க. அந்த மெமோவை பிரிண்ட் எடுத்துக் கொடுத்து எங்களை பேனாவால குறிக்கச் சொன்னாங்க, சப்ஜெக்ட் லைன் என்ன சொல்லுது, பயம் எந்த பாராவுல வருது, என்ன செய்யணும்னு கேக்குறது எங்க. நல்லா எழுதியிருந்தா காப்பாத்தியிருக்கலாம்னு டீச்சர் சுலபமா சொல்லிடல, அதுக்காக அவங்க மேல எனக்கு பெரிய மரியாதை. கிளம்புறதுக்கு முந்தின நாள் ராத்திரி டெலிகான்ஃபரன்ஸ்ல இன்ஜினியருங்க வேண்டாம்னு சொல்லியும் மேனேஜ்மென்ட் மாத்தி முடிவெடுத்துச்சு, கேக்குறவங்க காதுல ஏற்கனவே வேற என்ன இருக்குங்கிறதும் ரெட்டரிக்தான்னு சொன்னாங்க.

இதுக்கப்புறம் என் பழைய மெயில் ஒண்ணை எடுத்துப் பாத்தேன். சப்ஜெக்ட் 'அப்டேட்'. உள்ள, சர்வீஸ் பண்ணின ஃப்ரீசர்ல கொஞ்சம் டெம்பரேச்சர் வேரியேஷன் இருக்கிற மாதிரி தெரியுது, மானிட்டர் பண்றோம், ப்ளீஸ் அட்வைஸ். மூணு மணி நேரம் ஒருத்தரும் பதில் போடல. போன மாசம் அதே ஃப்ரீசர் திரும்ப தகராறு பண்ணப்போ சப்ஜெக்ட்லயே எழுதினேன், 'ஃப்ரீசர் 3 சாம்பிளை 2 மணிக்குள்ள மாத்தணும், உங்க ஓகே வேணும்'. நாலு நிமிஷத்துல சூப்பர்வைசர் இறங்கி வந்துட்டாங்க. முடிவை முதல்ல வைக்கிற இந்த முறையை அமெரிக்க ராணுவத்துல மெமோ எழுத சொல்லித் தர்றாங்களாம், 2311ல அதுக்கு தனி பயிற்சியே உண்டு.

குறைன்னா, ஹோம்வொர்க் சப்மிட் பண்ண ஒரு ஆக்சஸ் கோடு காசு கொடுத்து வாங்க வெச்சாங்க, அதுல பாதி கூட யூஸ் பண்ணல, எனக்கு அது இன்னும் வருத்தம்தான். பியர் ரிவ்யூ, அதாவது கூடப் படிக்கிறவங்க ஒருத்தர் எழுதினதை ஒருத்தர் படிச்சு கருத்து சொல்றது, அதுவும் சரியில்ல, நான் மத்தவங்களுக்கு ஒரு பக்கம் எழுதிக் கொடுத்தேன், எனக்கு வந்தது 'குட் ஜாப்'னு ரெண்டு வார்த்தை. எப்படி படிச்சு கருத்து சொல்றதுன்னு ஒரு வகுப்பாவது எடுத்திருக்கணும். கவிதைக்கு ஒரே வாரம்தான், அதையும் பாதி நாள் பரீட்சை தின்னுடுச்சு. காலேஜ் ரைட்டிங் சென்டர் மட்டும் அருமை, அரை மணி நேரம் பக்கத்துல உக்காந்து நம்ம டிராஃப்டை சத்தமா படிக்க வைப்பாங்க, ஸ்டூடண்ட்ஸுக்கு ஃப்ரீ.

5க்கு 4 கொடுப்பேன். 1302க்கு மட்டும்னா 5. சேர்றவங்க 8 வாரம் பேட்ச் எடுக்காதீங்க, வேலைக்குப் போயிட்டு அவ்வளவு படிக்க முடியாது, 16 வாரம் எடுங்க. ரெஜிஸ்டர் பண்றதுக்கு முன்னாடி அந்த புரொஃபசரோட போன செமஸ்டர் சிலபஸை எடுத்துப் பாருங்க, டெக்சாஸ்ல அரசாங்க காலேஜ் எல்லாம் அதை வெப்சைட்ல போட்டிருப்பாங்க, லிட்டரேச்சருக்கு எத்தனை வாரம்னு அதுலயே தெரிஞ்சிடும்.