பூங்காவை ஊரே சேர்ந்து வரைய ஒரு மைன்கிராஃப்ட்: ‘பிளாக் பை பிளாக்’ முறை எப்படி?

தெருமுனையில் காலியாகக் கிடக்கும் இடத்தைப் பூங்காவாக்கப் போகிறோம், கருத்துச் சொல்ல வாருங்கள் என்று கூட்டம் போட்டால் நடப்பது தெரிந்ததுதான். சுவரில் ஒரு வரைபடம் ஒட்டியிருக்கும். அதைப் படிக்கத் தெரிந்த நாலு பேர் பேசுவார்கள். மற்றவர்கள் டீயைக் குடித்துவிட்டுக் கிளம்பிவிடுவார்கள். வருகைப் பதிவேட்டில் மட்டும் எல்லார் கையெழுத்தும் இருக்கும். இந்தச் சிக்கலை உடைக்க வந்ததுதான் ‘பிளாக் பை பிளாக்’. வரைபடத்துக்குப் பதிலாக, கட்டைகளை அடுக்கி எதையும் கட்டும் மைன்கிராஃப்ட் என்ற கம்ப்யூட்டர் விளையாட்டைக் கையில் கொடுத்து, அந்த இடத்தை மக்களையே கட்டிக் காட்டச் சொல்கிறது.

இதன் வேர் ஸ்வீடனில் இருக்கிறது. 1965 முதல் 1974 வரை அங்கே கட்டிய பத்து லட்சம் வீடுகள் பழசாகிப் புதுப்பிக்க வேண்டிய நிலை வந்தபோது, அங்கே குடியிருப்பவர்களின் யோசனையைக் கேட்க மைன்கிராஃப்டைப் பயன்படுத்திப் பார்த்தார்கள். அதைப் பார்த்த ஐ.நா. ஹாபிடாட் (நகரங்களையும் குடியிருப்புகளையும் கவனிக்கும் ஐ.நா. அமைப்பு), விளையாட்டை உருவாக்கிய மோஜாங் நிறுவனத்தோடு சேர்ந்து 2012-ல் இந்தத் திட்டத்தைத் தொடங்கியது. மைக்ரோசாஃப்ட் 2014-ல் மோஜாங்கை வாங்கிய பிறகும் அது நிற்கவில்லை. கென்யாவின் நைரோபியில் உள்ள கிபேரா குடிசைப் பகுதியில் ஆரம்பித்து, இதுவரை 30-க்கும் மேற்பட்ட நாடுகளில் நடந்திருக்கிறது. ஹைட்டியின் லே கே நகரில் எழுதப் படிக்கத் தெரியாத மீனவர்கள் கடற்கரையை வடிவமைத்தார்கள். வியட்நாமின் ஹனோய்க்கு வெளியே கிம் சுங்கில் பள்ளி மாணவிகள் தாங்கள் நடந்து போகும் வழியைப் பாதுகாப்பானதாக மாற்றிக் காட்டினார்கள். இந்தியாவில் மும்பையின் கௌதம் நகரில் ஒரு பூங்காவுக்கு இதைச் செய்திருக்கிறார்கள்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். நம் குடியிருப்போர் நலச்சங்கம் போன் போட்டு வரவழைக்கும் சேவை அல்ல இது. ஐ.நா. ஹாபிடாட் நகராட்சிகளோடும் உள்ளூர் அமைப்புகளோடும் கூட்டுச் சேர்ந்து நடத்துவது. ஆனால் முறை ஒன்றும் ரகசியமில்லை, வழிகாட்டிக் கையேடு இலவசமாகவே கிடைக்கிறது. ஆகவே இந்த மதிப்பீடு, அந்த முறையை நாமே ஓ.எஸ்.ஆர். நிலத்திலோ (மனைப்பிரிவில் பொதுத் திறந்தவெளிக்கென ஒதுக்கிய இடம்) நகராட்சிப் பூங்காவிலோ நடத்தினால் எது தேறும், எது தேறாது என்பதைப் பற்றியது.

பாதி வெற்றி, மக்கள் கூடித் திரையில் கட்டிப் பார்க்கும் பட்டறைக்கு முந்தைய வாரமே முடிவாகிவிடும். மைன்கிராஃப்டில் ஒரு கட்டை ஒரு மீட்டர். 30-க்கு 40 மீட்டர் மனை என்றால் தரையில் 30-க்கு 40 கட்டை, கணக்கு அவ்வளவுதான். டேப் பிடித்து அளந்து, சுற்றுச்சுவர், கேட், ஏற்கனவே நிற்கும் மரங்கள், மேன்ஹோல் மூடிகள், டிரான்ஸ்பார்மர், பில்லர் பாக்ஸ் எனும் தெரு மின்பெட்டி, மழைநீர் வடிகால் எல்லாவற்றையும் முன்கூட்டியே கட்டி வைக்க வேண்டும். மனையோடு நிறுத்தாமல் எதிர் வரிசை வீடுகளையும் தெருவையும் சேர்த்துக் கட்டுங்கள். வெறும் மைதானத்தைக் கொடுத்தால் வருகிறவர்களுக்கு அது நம் தெரு என்றே தோன்றாது, கோட்டை கட்டத் தொடங்கிவிடுவார்கள். பில்லர் பாக்ஸை விட்டுவிட்டால் அதன் மேலேயே யாராவது ஊஞ்சல் போடுவார்கள்; அதை நகர்த்தச் சொல்லி மின்வாரியத்துக்கு அலையப்போவது சங்கம்தான்.

விளையாட்டின் உலகத்தை கிரியேட்டிவ் முறையில் (கட்டைகள் தீராது), பீஸ்ஃபுல் நிலையில் (தாக்கும் பிராணிகள் வராது) வைத்து, வெடியையும் நெருப்பையும் மழையையும் நிறுத்திவிடுங்கள். பகல் இரவுச் சுழற்சி 20 நிமிடம்தான், அதையும் நிறுத்த வேண்டும். இல்லையென்றால் கட்டிக்கொண்டிருக்கும்போதே இருட்டிவிடும். கேமரா நடையில் ஆடும் ‘வியூ பாபிங்’ அமைப்பை அணையுங்கள். முதல்முறை பார்க்கும் பெரியவர்கள் சிலருக்குத் தலை சுற்றுவதற்கு அதுதான் பாதிக் காரணம்.

ஒரு கம்ப்யூட்டருக்கு மூன்று பேர் போதும், நான்கைத் தாண்ட வேண்டாம். காலையில் எல்லாரும் சேர்ந்து இடத்தைச் சுற்றி நடப்பது, அப்புறம் வேறொரு பயிற்சி உலகத்தில் ஒரு மணி நேரம் சும்மா ஒரு வீடு கட்டிப் பழகுவது, பிறகுதான் உண்மையான மனை. இந்த வரிசையை மாற்றாதீர்கள். ஒவ்வொரு குழுவுக்கும் மனையின் தனித்தனி நகலைக் கொடுங்கள். எல்லாரையும் ஒரே உலகத்தில் விட்டால் பத்து வயதுப் பையன் ஒருவன் அடுத்த குழுவின் பெஞ்சை ஒரே கிளிக்கில் உடைத்துவிட்டுச் சிரிப்பான். உலகம் சேமிக்கப்படும் கோப்புறையை மணிக்கொரு முறை நகலெடுத்து வைப்பதும் கட்டாயம்.

குழு பிரிப்பதில்தான் சூட்சுமம். ஒரு கையால் விசை, மறு கையால் மவுஸ் என்று இரண்டையும் ஒரே நேரத்தில் ஆட்டுவது அறுபதைத் தாண்டியவர்களுக்கு எளிதில்லை. அதனால் இளைஞர் மவுஸைப் பிடிப்பார், பெரியவர் சொல்வார் என்று ஏற்பாடு. கேட்க நன்றாக இருக்கிறது. நடைமுறையில் மவுஸ் யார் கையிலோ முடிவும் அவர் கையில். இதற்கு ஒரு விதி உதவும்: மவுஸைப் பிடித்தவர் கடைசியில் விளக்கிப் பேசக்கூடாது, பக்கத்தில் உட்கார்ந்தவர்தான் பேச வேண்டும். தன் யோசனை திரையில் இல்லாவிட்டால் அந்தப் பெரியவர் அங்கேயே கேட்டுவிடுவார். பெண்கள் மட்டும் உள்ள குழு ஒன்றாவது இருக்கட்டும்.

இந்த முறைக்கு முழு மதிப்பெண் கொடுக்க வேண்டிய இடம் கண்மட்டம். விளையாட்டில் வரும் ஆளின் கண் தரையிலிருந்து சுமார் 1.62 மீட்டரில் இருக்கிறது. இரண்டு கட்டை உயரச் சுற்றுச்சுவருக்குள் அவர் நின்றால் தெரு தெரியாது, தெருவில் போகிறவருக்கு அவரும் தெரியமாட்டார். வரைபடத்தில் அந்தச் சுவர் ஒரு கோடு, அதைப் பார்த்து யாரும் எதுவும் சொல்லப்போவதில்லை. திரையில் பார்த்தால் சுவரைக் குறைத்து மேலே கிரில் போடலாமே என்ற பேச்சு தானாக வரும். நேரத்தை இரவாக்கி அதே இடத்தில் நிறுத்தினால் எந்த மூலையில் விளக்கு வேண்டும் என்பதும் தெரியும். ஷிஃப்ட் விசையை அழுத்திப் பிடித்தால் ஆள் குனிந்து கண்மட்டம் சுமார் 1.27 மீட்டருக்கு இறங்கும். ஒரு சிறுவனோ சக்கர நாற்காலியில் இருப்பவரோ பார்க்கும் உயரத்துக்கு அது ஓரளவு பக்கம். செடிவேலிகளையும் தகவல் பலகைகளையும் இப்படி ஒருமுறை குனிந்து சரிபார்க்கச் சொல்லுங்கள்.

ஆனால் ‘எல்லாருக்குமான இடம்’ என்ற பேச்சு இடறி விழுவதும் இதே ஆளால்தான். அவருக்குக் கால் நன்றாக இருக்கிறது. அரைக் கட்டை, அதாவது 50 சென்டிமீட்டர் படியை அவர் குதிக்காமலே ஏறிவிடுவார். திரையில் அது சாய்தளம் போலவே வழுக்கிக்கொண்டு போகும். நிஜத்தில் சக்கர நாற்காலியை நிறுத்த 2 சென்டிமீட்டர் மேடு போதும். பிளாட்பாரத்தின் 15 சென்டிமீட்டர் உயரத்தை 1-க்கு 12 சரிவில் (ஒரு பங்கு உயரத்துக்குப் பன்னிரண்டு பங்கு நீளம்) ஏற 1.8 மீட்டர் நீளம் வேண்டும். ஒரு மீட்டர் கட்டைக்குள் இந்தக் கணக்கு அடங்காது. படிக்கட்டுக் கட்டையை வைத்துவிட்டு ராம்ப் போட்டாச்சு என்று குழு கைதட்டும். அது 45 டிகிரி.

ஓரளவு சமாளிக்க வழி இருக்கிறது. விளையாட்டில் பனி அடுக்கு என்று ஒன்று உண்டு, எட்டு அடுக்கு சேர்ந்தால் ஒரு கட்டை. ஒரு அடுக்கு 12.5 சென்டிமீட்டர். இரண்டு கட்டைத் தூரத்துக்கு ஓர் அடுக்கு என்று ஏற்றினால் 1-க்கு 16 சரிவு, அது போதும். ஒரு கட்டைக்கு ஓர் அடுக்கு என்றால் 1-க்கு 8, கூடாது. இந்த இரண்டு வரியைப் பயிற்சியின்போதே எல்லாருக்கும் சொல்லிவிடுங்கள். நீளம் எவ்வளவு இடத்தைத் தின்கிறது என்று பார்த்த பிறகுதான், மேடை உயரமாக வேண்டுமா என்ற கேள்வியே எழும். பார்வையற்றவர்களுக்கு இந்த முறை அறவே உதவாது. தெர்மக்கோலிலோ களிமண்ணிலோ தொட்டுப் பார்க்க ஒரு மாதிரி கட்டாயம் வேண்டும், அதையும் அதே மேசையில் அதே நேரத்தில் வையுங்கள்.

சூழல் பக்கம் இன்னும் பலவீனம். வழக்கமான காட்சியில் சூரியன் நகர்ந்தாலும் மரநிழல் நகராது. சித்திரை மாதம் மாலை மூன்று மணிக்கு எந்த பெஞ்ச் வெயிலில் காயும் என்று நம் ஊர்ப் பூங்காவில் முதலில் கேட்க வேண்டிய கேள்விக்கு இங்கே பதிலே கிடையாது. தண்ணீரும் அப்படித்தான். சமதரையில் ஊற்றினால் ஏழு கட்டை ஓடி நின்றுவிடும், மழை பெய்தாலும் எங்கும் தேங்காது. வடகிழக்குப் பருவமழையில் முழங்கால் அளவு தண்ணீர் நிற்கும் மூலையில் சிறுவர் விளையாட்டுத் திடலைக் கட்டிவிட்டு எல்லாரும் மகிழ்ச்சியாக வீட்டுக்குப் போய்விடலாம். போன மழையில் தண்ணீர் எதுவரை நின்றது என்று பக்கத்து வீட்டுக்காரரைக் கேட்டு, அந்த எல்லைவரை நீலக் கம்பளக் கட்டையை முன்கூட்டியே விரித்துவிடுவதுதான் இதற்கு வைத்தியம். அந்தப் பரப்பில் கான்கிரீட் வேண்டாம் என்பது விதி; மண்ணும் செடியும் மட்டும்.

இன்னொரு தொல்லை, கட்டைகளுக்குக் காசு கிடையாது. கல்யாண வீட்டுப் பந்தியில் உட்கார்ந்ததுபோல எல்லாம் இலைக்கு வந்துகொண்டே இருக்கும்: நீரூற்று, கோபுரம், தொங்குபாலம், படகுக் குழாம். பிற்பகலில் ஒரு விலை அட்டையைக் கொடுத்துவிடுங்கள். பெஞ்சுக்கு ஒரு புள்ளி, விளக்குக் கம்பத்துக்கு இரண்டு, கழிப்பறைக்குப் பத்து என்று செலவுக்கு ஏற்ற விகிதத்தில் போதும், ரூபாய்த் துல்லியம் தேவையில்லை. பராமரிப்புக்குத் தனிப் புள்ளி போடுவது முக்கியம். நீரூற்றை வைப்பது ஒருமுறை, அதன் மோட்டாரைப் பழுதுபார்ப்பது ஆண்டு முழுதும். கழிப்பறைக்குத் தண்ணீர் எங்கிருந்து வரும், சாவி யாரிடம் இருக்கும் என்று எழுதாத குழுவுக்கு அந்தப் பத்துப் புள்ளியைக் கொடுக்காதீர்கள்.

செலவைப் பொறுத்தவரை, மைன்கிராஃப்டுக்கு ஒவ்வொரு கணக்குக்கும் தனித்தனியாக ஒருமுறை பணம் கட்ட வேண்டும். பத்து கம்ப்யூட்டர் என்றால் சங்கத்தின் கைக்காசு கரைந்துவிடும். லுவாண்டி என்ற இலவச மென்பொருள் இந்த வேலைக்குத் தாராளமாகப் போதும். 2024 வரை மைன்டெஸ்ட் என்ற பெயரில் இருந்ததுதான் இது. கணக்கு வேண்டாம், பழைய லேப்டாப்பிலும் ஓடும், இணையம் இல்லாமல் உள்வலையில் எல்லாரையும் இணைக்கலாம். கொஞ்சம் நல்ல கிராஃபிக்ஸ் இருந்தால் நகரும் நிழலையும் இதில் காட்ட முடியும். படம் மைன்கிராஃப்ட் அளவுக்கு மெருகாக இருக்காது, சிறுவர்கள் முதல் பத்து நிமிடம் முகம் சுளிப்பார்கள். ஐந்தில் நான்கு மதிப்பெண், இந்த முறையை லுவாண்டியோடு சேர்த்து நடத்துவதற்குத்தான்; காசு கொடுத்து வாங்கும் பதிப்புக்கு மூன்று.

பட்டறை முடிந்ததும் படங்களை அச்செடுத்துச் சுவரில் மாட்டி, ஓட்டுப் போட்டு முதல் ஐந்து விஷயங்களைத் தேர்ந்தெடுப்பது கடைசிக் கட்டம். அத்தோடு நிறுத்திவிட்டால் அது ஒரு நல்ல விடுமுறை நிகழ்ச்சி, அவ்வளவே. தேர்ந்த வடிவத்தை மறுநாளே கோலமாவாலோ சுண்ணாம்புப் பொடியாலோ உண்மையான மனையில், உண்மையான அளவில் வரையுங்கள். பாதைக்கு 1.8 மீட்டர் அகலம், சக்கர நாற்காலி திரும்ப 1.5 மீட்டர் வட்டம், பெஞ்சின் உயரம் 45 சென்டிமீட்டர். பைக் நுழையாதபடி கேட்டில் போடும் வளைவுக் கம்பிகளின் இடைவெளியைக் கயிறு கட்டிக் காட்டி, ஒரு சக்கர நாற்காலியையும் ஒரு குழந்தை வண்டியையும் உள்ளே தள்ளிப் பாருங்கள். பைக்கைத் தடுக்கும் பெரும்பாலான கம்பிகள் இந்த இரண்டையும் சேர்த்தே தடுக்கின்றன.

மாநகராட்சியின் உதவிப் பொறியாளர் முதல்நாள் நடையிலேயே உடன் இருக்க வேண்டும், கடைசி நாள் மாலை பொன்னாடைக்கு மட்டும் வந்தால் போதாது. தேர்ந்த ஐந்துக்கும் எதிரே ‘செய்யலாம்’, ‘முடியாது, காரணம் இது’ என்று அவர் கையால் எழுதி வாங்கிய ஒற்றைத் தாளையும், வண்ணப் படங்களையும், சுண்ணாம்புக் கோட்டின் அளவுகளையும் சேர்த்து ஒப்பந்தப்புள்ளி கோருவதற்கு முன்பே கோப்பில் வைத்துவிடுங்கள். ஒப்பந்ததாரர் வந்து பேவர் பிளாக்கை இறக்கிய பிறகு சாய்தளத்தின் நீளத்தைப் பற்றிப் பேசினால் யாரும் காதில் போட்டுக்கொள்ளமாட்டார்கள்.