டைட்டர் பார்ப்பதா, கண்ணை மூடிக்கொண்டு பூஸ்டர் போடுவதா? ஹெபடைடிஸ் பி ஊசிக்குப் பிறகு எது தேவலை

கடலூரில் புதுச்சேரி பஸ் ஏறினால் கிருமாம்பாக்கம், பிள்ளையார்குப்பம் என்று வழியிலேயே மெடிக்கல் காலேஜ்கள் வந்துவிடும். அதைத் தாண்டினால் அரியூர், கதிர்காமம், கோரிமேட்டில் ஜிப்மர் என்று எண்ணிக்கொண்டே போகலாம். அதனால் இந்தப் பக்கத்தில் தெருவுக்கு ஒரு நர்சிங் பிள்ளையாவது லேப் டெக்னீஷியன் படிக்கிற பிள்ளையாவது இருக்கும். கல்லீரலைத் தாக்கும் ஹெபடைடிஸ் பி வைரஸுக்கான ஊசி மூன்று டோஸும் போட்டாச்சு, சரி, உடம்பில் பிடித்ததா இல்லையா என்று எப்படித் தெரிந்துகொள்வது என்பது இவர்களுக்கு ஒரு கட்டத்தில் வந்தே தீரும் சந்தேகம். ரத்தம் எடுக்கும் வேலையில் இருப்பதால் இது என்னிடமும் வருகிறது. ஒருத்தர் டைட்டர் பார்த்துவிடு என்பார், இன்னொருத்தர் அதெல்லாம் தண்டச் செலவு, ஒரு பூஸ்டர் போட்டுக்கொண்டு போ என்பார். ஊசி குத்திக்கொண்டால் அப்போது பார்த்துக்கொள்ளலாம் என்று சொல்லும் சீனியர்களும் உண்டு. மூன்றிலும் கொஞ்சம் நியாயம் இருக்கிறது, ஆனால் மூன்றும் எல்லோருக்கும் பொருந்தாது.

டைட்டர் என்றால் ரத்தத்தில் ஆன்டி-எச்பிஎஸ் என்ற ஆன்டிபாடி எவ்வளவு இருக்கிறது என்ற கணக்கு. ஒரு மில்லி ரத்த நீரில் 10 மில்லி ஐயூ அல்லது அதற்கு மேல் இருந்தால் பாதுகாப்பு வந்துவிட்டது என்று உலகம் முழுக்க ஒப்புக்கொண்ட அளவு. 12 வந்தாலும் பாஸ்தான், 1000-க்கு மேல் என்று வந்தாலும் பாஸ்தான். பக்கத்து பெட் தோழிக்கு 800, எனக்கு 40 என்று ஹாஸ்டலில் உட்கார்ந்து கவலைப்பட ஒன்றுமே இல்லை. ஆரோக்கியமான பெரியவர்களில் நூற்றுக்கு ஐந்திலிருந்து பத்துப் பேருக்கு மூன்று டோஸ் முடிந்தும் 10-ஐத் தொடாது. வயது நாற்பதைத் தாண்டியவர்கள், சிகரெட் பிடிப்பவர்கள், உடல் பருமன் உள்ளவர்கள், சர்க்கரை உள்ளவர்கள் ஆகியோரிடம் இது கூடுதல். கையில் போடாமல் இடுப்பில் போட்டாலும் சரியாகப் பிடிக்காது. மருந்து ஃப்ரிட்ஜில் உறைந்து போயிருந்தால் வீரியம் போய்விடும், ஆனால் போட்டுக்கொண்டவருக்கு எந்த வித்தியாசமும் தெரியாது.

இதில் எல்லாமே நேரத்தைப் பொறுத்தது. கடைசி டோஸ் போட்டு ஒன்றிலிருந்து இரண்டு மாதத்துக்குள் பார்த்தால் அந்த எண்ணுக்கு முழு அர்த்தம் உண்டு. 10-க்கு மேல் வந்ததா, அந்தக் காகிதத்தை லேமினேட் செய்து வைத்துக்கொள்ளலாம், வேறு நோய் இல்லாதவர் மறுபடி டைட்டர் பார்க்கவே தேவையில்லை. அதே டெஸ்டைப் பத்து வருஷம் கழித்துப் பார்த்தால் கதை வேறு. ஆன்டிபாடி காலப்போக்கில் இறங்கத்தான் செய்யும், 4 என்றோ 7 என்றோ வரும், பார்த்தவுடன் போச்சே என்று இருக்கும். ஆனால் நினைவு செல்கள் நீறு பூத்த நெருப்பாக உள்ளே இருக்கின்றன, வைரஸ் வந்தால் மறுபடி கிளம்பிவிடும். இந்த வைரஸ் உடம்புக்குள் போய் நோயாக வெளியே வர ஒன்றரை மாதத்திலிருந்து ஆறு மாதம் வரை எடுத்துக்கொள்வதால் அவற்றுக்கு அவகாசமும் கிடைக்கிறது. ஊசி ஒழுங்காகப் பிடித்தவர்களுக்குப் பாதுகாப்பு முப்பது வருஷத்துக்கு மேலும் நிற்கிறது என்று நீண்டகால ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. ஆக தாமதமாகப் பார்த்த டைட்டரில் 5 வந்தால் அதற்கு இரண்டு அர்த்தம்: பிடித்து இறங்கியிருக்கலாம், முதலிலிருந்தே பிடிக்காமலும் இருக்கலாம். எது என்று அந்த ஒரு ரிப்போர்ட்டை மட்டும் வைத்து யாராலும் சொல்ல முடியாது.

இப்போது பூஸ்டர் கட்சி. இவர்களின் வாதம் லேசானதல்ல. பல இடங்களில் டெஸ்டுக்கு ஆகும் காசு ஒரு டோஸ் ஊசியைவிட அதிகம். கூடுதல் டோஸால் பெரிய கெடுதல் எதுவும் இல்லை, கை இரண்டு நாள் வலிக்கும், அவ்வளவுதான். வார்டுக்கே போகாத ஒருவர் ஆசைக்குப் போட்டுக்கொண்டால் நான் தடுக்க மாட்டேன், தேவையில்லை என்று மட்டும் சொல்வேன். ஆனால் வார்டுக்குப் போகிறவருக்கு இது பாதி வேலைதான். முதல் மூன்று டோஸுக்கும் பிடிக்காதவர்களில், கூடுதலாக ஒரே ஒரு டோஸ் போட்டால் பிடிப்பது கால்வாசியிலிருந்து பாதிப் பேருக்குத்தான். மறுபடி மூன்று டோஸ் முழுதாகப் போட்டால் இன்னும் நிறையப் பேருக்குப் பிடிக்கிறது. டெஸ்ட் இல்லாமல் ஒரு பூஸ்டர் போட்டுக்கொண்டவர், தான் அந்தப் பாதியில் இருக்கிறாரா மீதியில் இருக்கிறாரா என்று தெரியாமலேயே தைரியமாக ஐவி லைன் போட்டுக்கொண்டிருப்பார். அந்தத் தைரியம்தான் எனக்குப் பிடிக்கவில்லை.

குத்திக்கொண்டால் பார்த்துக்கொள்ளலாம் என்பது மூன்றாவது வழி. சிரிக்க வேண்டாம், அமெரிக்காவின் நோய்த்தடுப்பு அமைப்பான சிடிசி 2013-ல் வெளியிட்ட வழிகாட்டியே முன்கூட்டிப் பார்ப்பது, சம்பவம் நடந்த பிறகு பார்ப்பது என்று இரண்டையும் வைத்துப் பேசுகிறது. ஊசிக்குத்து அரிதாக நடக்கும் இடம், அடுத்த நிமிஷமே டெஸ்ட் எடுக்க வசதி, மருந்து கையிருப்பு, எல்லாவற்றையும் எழுதி வைக்கும் ஒழுங்கு என்று இருந்தால் அது ஓடும். நம் ஊரில் ராத்திரி இரண்டு மணிக்கு ஒரு மாணவிக்குக் கையில் ஊசி குத்திவிட்டது, அந்த ஊசி போட்ட நோயாளிக்கு எச்பிஎஸ்ஏஜி (ரத்தத்தில் வைரஸ் இருக்கிறதா என்று காட்டும் டெஸ்ட்) பாசிட்டிவ் என்று வைத்துக்கொள்ளுங்கள். டைட்டர் 10-க்கு மேல் என்று பழைய ரிப்போர்ட் இருந்தால், ஹெபடைடிஸ் பி-யைப் பொறுத்தவரை சோப்பும் தண்ணீரும் போட்டுக் கழுவிவிட்டுத் தூங்கலாம். ரிப்போர்ட் இல்லையென்றால் அந்த நேரத்தில் ரத்தம் எடுத்து, முடிவு வருகிற வரை காத்திருந்து, குறைவாக வந்தால் இம்யூனோகுளோபுலின் ஊசியை, அதாவது ரெடிமேடாக ஆன்டிபாடியே இருக்கும் மருந்தை, தேடி அலைய வேண்டும். அதை எவ்வளவு சீக்கிரம் முடியுமோ அவ்வளவு சீக்கிரம், முடிந்தால் 24 மணி நேரத்துக்குள் போட வேண்டும். சாதாரண தடுப்பூசி மாதிரி எல்லா மெடிக்கலிலும் கிடைக்கிற சரக்கும் இல்லை, விலையும் கையைக் கடிக்கும்.

இவ்வளவு பதற்றம் எதற்கு என்று கேட்பவர்களுக்கு ஒரு கணக்கு. பாதுகாப்பு இல்லாத ஒருவருக்கு, பாதிக்கப்பட்டவரின் ரத்தம் பட்ட ஊசி ஒரு முறை குத்தினால் எச்.ஐ.வி. தொற்றும் வாய்ப்பு சுமார் 0.3 சதவீதம், ஹெபடைடிஸ் பி தொற்றும் வாய்ப்பு 6 முதல் 30 சதவீதம். உலர்ந்த ரத்தத்திலும் இந்த வைரஸ் குறைந்தது ஏழு நாள் உயிரோடு இருக்கும். எச்.ஐ.வி. என்றால் இரண்டு கிளவுஸ் போடுகிறவர்கள் இதற்கு ஒன்று போடவே சலித்துக்கொள்கிறார்கள்.

அதனால் என் கட்சி இதுதான். இப்போதுதான் மூன்று டோஸ் முடித்தவர், வார்டுக்குப் போகப் போகிறவர் என்றால் யோசிக்காமல் ஒன்றிரண்டு மாதத்தில் டைட்டர். குழந்தையில் போட்டது, அம்மாவின் பீரோவில் அட்டை மட்டும் இருக்கிறது என்றால் விஷயம் கொஞ்சம் வேறு. புத்தகப்படி முதலில் டைட்டர், 10-க்குக் கீழே வந்தால் ஒரு டோஸ், பிறகு ஒன்றிரண்டு மாதத்தில் மறுபடி டைட்டர். பதினெட்டு வயதில் பலருக்கு எண் இறங்கியே இருக்கும் என்பதால், டாக்டரிடம் கேட்டுவிட்டு முதலில் ஒரு டோஸ் போட்டுக்கொண்டு அப்புறம் ஒரே டெஸ்டோடு முடித்துக்கொள்வது பர்ஸுக்கு நல்லது என்பது என் எண்ணம். தமிழ்நாட்டில் பென்டாவேலன்ட், அதாவது ஹெபடைடிஸ் பி உட்பட ஐந்து நோய்களுக்கான ஒரே ஊசி, 2011 டிசம்பரில் வந்தது. 6, 10, 14 வாரங்களில் அதைப் போட்டுக்கொண்ட குழந்தைகள் காலேஜுக்கு வரும்போது இந்தக் கேள்வி இன்னும் நிறைய வரும்.

அந்த ஒரு டோஸுக்குப் பிறகும் ஏறவில்லை என்றால் மீதி இரண்டையும் போட்டு முடித்து மறுபடி டெஸ்ட். ஆறு டோஸ் போட்டும் அசையவில்லை என்றால் அதற்கு மேல் ஊசி போட்டுக்கொண்டே இருப்பதில் பயனில்லை, எச்பிஎஸ்ஏஜியும் ஆன்டி-எச்பிசியும் (வைரஸ் எப்போதாவது உள்ளே வந்திருந்ததா என்று காட்டும் டெஸ்ட்) பார்க்க வேண்டும். சிலருக்கு வைரஸ் ஏற்கெனவே உள்ளே இருக்கும், அதனால்தான் ஊசி பிடிக்கவில்லை.

டெஸ்டிலேயே எந்த டெஸ்ட் என்பது அடுத்த சண்டை. ஃபைலைத் திறந்து, "அக்கா, போன மாசமே டைட்டர் பாத்துட்டேன், நெகட்டிவ், நல்லதுதானே?" என்று கேட்ட பிள்ளையின் கையில் இருந்தது எச்பிஎஸ்ஏஜி ரிப்போர்ட். அது வைரஸ் இருக்கிறதா என்று பார்ப்பது, அதில் நெகட்டிவ் வந்தால் சந்தோஷம். ஆன்டி-எச்பிஎஸ்ஸில் நெகட்டிவ் வந்தால் வேலை பாக்கி என்று அர்த்தம். சீட்டில் 'ஹெபடைடிஸ் டெஸ்ட்' என்று மட்டும் எழுதிக் கொடுத்தால் பல லேபில் முன்னதைத்தான் எடுப்பார்கள், ஆகவே 'ஆன்டி-எச்பிஎஸ், எண்ணில்' என்று கேட்டு வாங்குங்கள். இன்னொன்று, ஊசி போட்ட கையோடு எச்பிஎஸ்ஏஜி பார்க்காதீர்கள். ஊசியில் இருப்பதே அந்தப் புரதம்தான், சுமார் பதினெட்டு நாள் வரைகூட பொய்யாகப் பாசிட்டிவ் காட்டியதுண்டு, வீட்டில் ஒரு களேபரமே நடந்துவிடும்.

ரேபிட் கார்டு மலிவு, உட்கார்ந்திருக்கும்போதே கோடு விழும். ஆனால் கோடு விழுந்தால் எவ்வளவு என்று அதற்குச் சொல்லத் தெரியாது, 10-ஐ ஒட்டி இருப்பவர்களிடம் நம்பவும் முடியாது. எலைசா என்ற லேப் முறை எண் தரும், ஆனால் நிறைய சாம்பிள் சேர்ந்தால்தான் பல லேபில் ஓட்டுவார்கள். நான் பரிந்துரைப்பது சிஎல்ஐஏ, ஆன்டிபாடியை ஒளியை வைத்து அளக்கும் மெஷின் முறை. மஞ்சள் மூடி டியூபில் மூன்று மில்லி ரத்தம், அரை மணி உறைய விட்டுச் சுற்றி எடுத்தால் மேலே தெளிந்து நிற்கும் சீரத்தை மெஷினே உறிஞ்சிக்கொண்டு எண்ணைத் தரும். வெறும் வயிறெல்லாம் வேண்டாம். பயோட்டின் சாப்பிடுகிறவர்கள் மட்டும் சொல்லிவிடுங்கள். இந்தக் கடலோர உப்புத் தண்ணீரில் முடி கொட்டுகிறது என்று பாதி ஹாஸ்டல் அதிக டோஸ் பயோட்டின் மாத்திரை போடுகிறது. சில மெஷின்களின் முறையே பயோட்டினை நம்பித்தான், ரத்தத்தில் அது நிறைய இருந்தால் டைட்டர் குறைவாகக் காட்டும். இம்யூனோகுளோபுலின் போட்டவர்களுக்கு நேர்மாறு. வெளியிலிருந்து வந்த ஆன்டிபாடியே பல மாதம் ரத்தத்தில் நிற்பதால் ஆறு மாதம் போகட்டும், அப்புறம் பார்க்கலாம்.

இதைப் பார்த்துவிட்டு எல்லா ஊசிக்கும் டைட்டர் கேட்காதீர்கள். கோவிட் சமயத்தில் ஆளாளுக்கு ஆன்டிபாடி டெஸ்ட் எடுத்துக்கொண்டு அலைந்தோம். கோவிஷீல்டு வைரஸின் ஸ்பைக் புரதத்துக்கு மட்டும் ஆன்டிபாடி உண்டாக்கும், அதைப் போட்டவருக்கு நியூக்ளியோகாப்சிட் என்ற வேறொரு வைரஸ் புரதத்துக்கான டெஸ்ட் எடுத்தால் ஊசி நன்றாகப் பிடித்திருந்தாலும் நெகட்டிவ்தான். 10 மாதிரி ஒப்புக்கொண்ட எல்லைக்கோடும் கோவிடுக்குக் கிடையாது, ஊசிக்குப் பிறகு எதிர்ப்புச் சக்தியை அளக்க கோவிட் ஆன்டிபாடி டெஸ்டைப் பயன்படுத்த வேண்டாம் என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ 2021 மே மாதமே சொல்லிவிட்டது. சின்னம்மைக்கும் ஊசியால் வந்த ஆன்டிபாடியை சாதாரண டெஸ்ட்கள் பல நேரம் பிடிப்பதில்லை, இரண்டு டோஸ் போட்ட சான்று போதும். வெறிநாய்க்கடி ஊசிக்கு 0.5 ஐயூ என்று எல்லை உண்டு, ஆனால் அது நாய், பூனைகளோடு வேலை செய்யும் கால்நடை டாக்டர்களுக்கும் ரேபிஸ் லேபில் இருப்பவர்களுக்கும்தான் தேவைப்படும்.

வீட்டில் யாருக்காவது எச்பிஎஸ்ஏஜி பாசிட்டிவ் என்றால் கணவன் அல்லது மனைவிக்கு முதலில் அதே டெஸ்ட், நெகட்டிவ் என்றால் மூன்று டோஸ், முடிந்து ஒன்றிரண்டு மாதத்தில் டைட்டர். பாசிட்டிவ் தாய்க்குப் பிறந்த குழந்தைக்கு ஒன்பது மாதம் ஆன பிறகுதான் எச்பிஎஸ்ஏஜி, ஆன்டி-எச்பிஎஸ் இரண்டு டெஸ்டும் எடுக்க வேண்டும், அவசரப்பட்டு முன்னாடியே எடுத்தால் பிறந்தவுடன் போட்ட இம்யூனோகுளோபுலின் குழப்பிவிடும். டயாலிசிஸ் செய்துகொள்பவர்களுக்கு நான் மேலே சொன்ன நினைவு செல் கணக்கெல்லாம் செல்லாது. அவர்களுக்கு டோஸே பெரிது, பிடித்த பிறகும் வருஷத்துக்கு ஒரு முறை டைட்டர் பார்க்க வேண்டும், 10-க்குக் கீழே வந்தால் அப்போதே பூஸ்டர். வாரத்துக்கு இரண்டு மூன்று தடவை அதே சென்டருக்குப் போகிறவர்கள் என்பதால் ரத்தம் எடுக்கத் தனியாக அலைய வேண்டாம், அடுத்த முறை போகும்போது கடைசியாக எப்போது பார்த்தீர்கள் என்று சிஸ்டரிடம் கேளுங்கள்.