ஓபெத்தின் 'ஹெரிடேஜ்': உறுமல் வராத ஆல்பத்தோடு இத்தனை வருடம்

2011 செப்டம்பரில் ஸ்வீடனின் மெட்டல் குழுவான ஓபெத்தின் 'ஹெரிடேஜ்' ஆல்பம் வந்தபோது, ஹெட்போனை மாட்டிக்கொண்டு 57 நிமிடமும் அசையாமல் உட்கார்ந்திருந்தேன். கேட்டேன் என்பதைவிடக் காத்திருந்தேன் என்பதுதான் சரி. முதலில் வந்தது பியானோ மட்டும். சரி, முன்னுரை போல என்று விட்டுவிட்டேன். இரண்டாவதாக 'தி டெவில்ஸ் ஆர்ச்சர்ட்' வேகமாகக் கிளம்பியது. பாடகர் மிகேல் ஓகர்ஃபெல்ட் இதோ பழைய ஆல்பங்களைப் போலத் தொண்டையிலிருந்து உறுமப்போகிறார், அடுத்த வரியில் கண்டிப்பாக உறுமுவார் என்று வால்யூமை ஏற்றி வைத்தேன். உறுமவில்லை. பத்தாவது டிராக் வரை போய்விட்டேன். அதில் குரலே கிடையாது, வெறும் இசைதான்.

அவர் உறுமாமல் பாடியது புதிதல்ல. 2003-இல் வந்த 'டேம்னேஷன்' முழுக்கவே மென்மையான குரல்தான். ஆனால் அது 'டெலிவரன்ஸ்' என்ற முரட்டு ஆல்பத்தின் இரட்டை. கோபம் எல்லாம் அண்ணனிடம் இருந்ததால் தம்பியின் அமைதி உறுத்தவில்லை. 'ஹெரிடேஜ்'க்கு அப்படி அண்ணன் யாரும் இல்லை. குரலை விடுங்கள், கிடாரின் கரகரப்பான டிஸ்டார்ஷனே மெலிந்து, இரண்டு காலாலும் அடிக்கும் டபுள் பாஸ் டிரம்ஸ் எழுப்பும் அந்தச் சுவர் காணாமல் போயிருந்தது. பழங்காலக் கீபோர்டுகளான மெலோட்ரானும் ஹாமண்ட் ஆர்கனும் முன்னால் வந்து உட்கார்ந்திருந்தன. 2008-இன் 'வாட்டர்ஷெட்' ஆல்பத்தின் பாணியில் முதலில் எழுதிய பாடல்களை ஓகர்ஃபெல்ட் தூக்கி எறிந்துவிட்டுத்தான் இதை ஆரம்பித்தார் என்று பின்னால் படித்தபோது, எறிந்தவற்றைக் கொடுத்திருக்கலாமே என்றுதான் தோன்றியது.

அப்புறம் ரொம்ப நாள் அதைத் தொடவே இல்லை. ஒருமுறை காய்ச்சலில் படுத்திருந்தபோது, ஷஃபிளில் அந்த ஆல்பத்தின் 'நெபெந்தி' தானாக வந்தது. எழுந்து மாற்றத் தெம்பில்லை. சத்தம் குறைவாக இருந்தது. டிரம்ஸின் மேல் பிரஷ் உரசுவது மட்டும் காதில் விழுந்தது. டிரம்மர் மார்ட்டின் ஆக்ஸென்ராட் இவ்வளவு மெதுவாகவும் வாசிப்பாரா? மறுநாள் டிரம்ஸுக்காக மட்டும் முழு ஆல்பத்தையும் போட்டேன். தோலில் குச்சி படுவது, அது அந்த அறையில் பரவுவது எல்லாம் கேட்கிறது. பதிவு செய்த இடம் ஸ்டாக்ஹோமில் உள்ள அட்லாண்டிஸ் ஸ்டூடியோ. மெட்ரோனோம் என்ற பழைய பெயரில் இருந்தபோது ஸ்வீடனின் பாப் குழுவான ABBA பாடிய அதே இடம். மிக்ஸிங்கில் பிரிட்டிஷ் இசைக்கலைஞர் ஸ்டீவன் வில்சனும் இருந்தார். வாத்தியங்களுக்கு இடையில் இவ்வளவு காற்று விட்டிருக்கிறார்கள் என்பது வால்யூமை ஏற்றிக் கேட்டபோது எனக்குப் பிடிபடவே இல்லை.

அதிலிருந்து இந்த ஆல்பத்தின் 'ஃபேமின்' என் பாட்டாகிவிட்டது. தாளக் கலைஞர் அலெக்ஸ் அகுன்யாவின் தாளத்தில் தொடங்கி, பியானோவுக்குப் போய், பிறகு ஒரு கனமான, மெதுவான கிடார் ரிஃப் வந்து இறங்கும். அதன் மேல் பியோர்ன் யேசோன் லிண்ட் ஊதும் புல்லாங்குழலில் காற்று இரைவது வரை தெரியும். பழைய ஓபெத்தில் உறுமல் உண்டாக்கிய அதே திகில், இங்கே ஒரு குழலிலிருந்து வருகிறது.

எல்லாவற்றையும் மன்னித்துவிட்டேன் என்று நினைக்க வேண்டாம். பல பாடல்களில் ஒட்டு தெரிகிறது. ஒரு பகுதி முடிந்து மௌனம், பிறகு சம்பந்தமில்லாத இன்னொன்று. ஓபெத்தின் பழைய ஆல்பமான 'பிளாக்வாட்டர் பார்க்'கில் பத்து நிமிடப் பாட்டும் ஒரே மூச்சாக ஓடும். இங்கே மூச்சு வாங்குகிறது. மறைந்த மெட்டல் பாடகர் ரோனி ஜேம்ஸ் டியோவுக்கு அஞ்சலியாக வந்த 'ஸ்லிதர்' நல்ல மனதோடு செய்ததுதான், ஆனால் இந்த ஆல்பத்தில் அது விருந்தாளி மாதிரியே நிற்கிறது. மூன்று வருடம் கழித்து வந்த 'பேல் கம்யூனியன்' ஆல்பம் இதே பாதையில் இன்னும் சரளமாக நடந்தது. புதிதாக யாராவது கேட்டால் அதைத்தான் முதலில் கொடுப்பேன்.

அட்டைப்படத்தையும் சொல்ல வேண்டும். மரத்தில் பழங்களாகக் குழுவினரின் தலைகள். ஒன்று மட்டும் கீழே விழுந்துகொண்டிருக்கும். அது பதிவு முடிந்ததும் விலகிய கீபோர்டு கலைஞர் பெர் விபெரி. இதைக் கவனிக்கவே எனக்குச் சில வருடங்கள் ஆயின.

2024 நவம்பரில் ஓபெத்தின் 'தி லாஸ்ட் வில் அண்ட் டெஸ்டமென்ட்' வந்தது. முதல் பாட்டிலேயே உறுமல். நாற்காலியில் துள்ளினேன், பொய் சொல்லவில்லை. அதே ஆல்பத்தில் பிரிட்டிஷ் ராக் குழுவான ஜெத்ரோ டல்லின் இயன் ஆண்டர்சன் புல்லாங்குழலும் வாசிக்கிறார். அந்தக் குழல் கேட்டதும் ஞாபகம் வந்து, அன்றிரவே 'ஃபேமின்' போட்டேன். பிறகு மொத்த 'ஹெரிடேஜ்' ஆல்பத்தையும். உறுமலைத் தேடவில்லை. 'ஸ்லிதர்' வந்தபோது மட்டும் வழக்கம்போல அடுத்த பாட்டுக்குத் தாவிவிட்டேன்.