பிராக்கா, புடாபெஸ்டா?

செக் தலைநகர் பிராக், ஹங்கேரியத் தலைநகர் புடாபெஸ்ட் இரண்டுக்கும் ஒரே ஷெங்கன் விசா போதும், இடையே நேரடி ரயிலும் உண்டு. ஆனாலும் கையில் நான்கே நாள் விடுப்பு என்றால் ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும். இரண்டும் ஆற்றங்கரை நகரங்கள்தாம். ஆற்றோடு அவற்றுக்குள்ள உறவுதான் வேறு.

பிராகில் வுல்தாவா ஆற்றைவிடச் சார்லஸ் பாலத்துக்கே மவுசு அதிகம். 1357இல் மன்னர் நான்காம் சார்லஸ் அடிக்கல் நாட்டிய கற்பாலம் அது. 1841 வரை நகருக்குள் வேறு பாலமே கிடையாது. இருபுறமும் முப்பது சிலைகள். அவற்றில் ஒன்று, 1393இல் அரசன் ஆணையால் ஆற்றில் வீசப்பட்ட பாதிரியார் நெப்போமுக் ஜானுடையது. பீடத்து வெண்கலப் பலகையில் அந்தக் காட்சியைச் செதுக்கியிருக்கிறார்கள். தொட்டால் நல்லது நடக்கும் என்று வருவோர் போவோரெல்லாம் தேய்த்ததில், சுற்றிலும் கறுத்திருக்க அந்த இடம் மட்டும் பொன்னாய் மின்னுகிறது. பாலத்தை அனுபவிக்க விடியற்காலையில் போய்விட வேண்டும். பகலில் முதுகுகளைத்தான் பார்க்கலாம். 1410ஆம் ஆண்டின் வானியல் கடிகாரத்தில் மணிக்கொரு முறை நகரும் பொம்மைகளுக்கு அவ்வளவு கூட்டம் தேவையா என்பது என் சந்தேகம்.

புடாபெஸ்டில் டான்யூப் ஒரு காலத்தில் தடைச்சுவர். கோடையில் மிதவைப் பாலம். குளிர்காலத்தில் அதையும் கழற்றிவிடுவார்கள். 1820 டிசம்பரில் தந்தை இறந்த செய்தி கேட்டு வந்த ஹங்கேரியப் பிரபு இஷ்ட்வான் சேச்சேனி, பனிக்கட்டிகள் மிதந்த ஆற்றைக் கடக்க முடியாமல் ஒரு வாரம் கரையில் காத்துக் கிடந்தார். நிரந்தரப் பாலம் வேண்டும் என்று அவர் பிடித்த பிடிவாதத்தில் 1849இல் சங்கிலிப் பாலம் திறந்தது. 1873இல் மேற்குக் கரையின் புடா, ஓபுடா, கிழக்குக் கரையின் பெஸ்ட் மூன்றும் ஒரே நகரமாயின. 1945இல் பின்வாங்கிய ஜெர்மானியப் படை பாலங்களைத் தகர்த்தது. சங்கிலிப் பாலம் 1949இல் மீண்டும் எழுந்தது.

நாடாளுமன்றத்துக்குச் சற்றுத் தெற்கே, கரையோரம் அறுபது ஜோடி இரும்புக் காலணிகள் கிடக்கின்றன. 1944-45இல் அம்புச் சிலுவைக் கட்சி என்ற ஹங்கேரிய நாஜி ஆதரவுக் கட்சியினர் யூதர்களைக் காலணி கழற்றச் சொல்லி ஆற்றுக்குள் சுட்டுத் தள்ளிய கொடுமையின் நினைவு. அவற்றில் குழந்தைகளுடைய சின்னக் காலணிகளும் உண்டு.

சந்து சந்தாகப் பழைய நகரத்தில் திரிய வேண்டுமென்றால் பிராகை அடித்துக்கொள்ள முடியாது. புடாபெஸ்டின் பெரும்பகுதி பத்தொன்பதாம் நூற்றாண்டுக் கட்டுமானம்தான். ஆற்றைப் பார்க்கவே போகிறீர்கள் என்றால் என் ஓட்டு புடாபெஸ்டுக்கு. படகுச் சவாரிக்குப் பணம் கொடுக்குமுன் பெஸ்ட் கரையில் ஓடும் இரண்டாம் எண் டிராமில் ஏறிப் பாருங்கள். வடக்கு நோக்கிப் போகும் வண்டியில் இடப்பக்க ஜன்னல்.