சார்ஜும் அதன் பங்காளிகளும்

"போன்ல சார்ஜ் இல்ல." "புது தாசில்தார் நாளைக்கு சார்ஜ் எடுக்கிறார்." "டெலிவரி சார்ஜ் தனி." "கேஸ்ல சார்ஜ் ஷீட் போட்டாச்சு." ஆங்கிலத்தில் ஒரு வரி எழுதத் தெரியாதவர்கூட இந்த நான்கையும் ஒரே நாளில் சொல்லிவிடுவார். பேச்சில் ஒன்றும் குழம்பாது. ஆங்கிலத்தில் எழுத உட்கார்ந்தால்தான் சிக்கல். ஃபீ, ஃபேர், அக்யூஸ், பிளேம், கஸ்டடி என்று பங்காளிகள் வரிசையாக வந்து நிற்பார்கள். அவர்களில் பாதிப் பேருக்குத் தமிழில் ஒரே பெயர்.

முதலில் வேர். லத்தீனில் 'காருஸ்' என்றால் வண்டி. வண்டியில் பாரம் ஏற்றுவதைக் குறித்த சொல்தான் பிரெஞ்சு வழியாக வந்து சார்ஜ் ஆனது. கார்கோவும் காரும் அதே குடும்பம். தமிழும் சொல்லிவைத்தாற்போல் இதே பாரத்தைத்தான் தூக்குகிறது: குற்றம் சுமத்துகிறோம், மின்னேற்றுகிறோம், பொறுப்பேற்கிறோம். எதை ஏற்றுகிறார்கள், யார் ஏற்றுகிறார்கள் என்று கேட்டால் போதும், பங்காளிகள் தனித்தனியே பிரிந்துவிடுவார்கள்.

பணத்திலிருந்து தொடங்கலாம். அதிகத் தவறு அங்கேதான். பள்ளி, பேருந்து, சுங்கச்சாவடி, மின்வாரியம் எல்லாவற்றையும் 'கட்டணம்' என்ற ஒரே சொல்லால் சமாளித்துவிடுகிறோம். ஆங்கிலத்தில் அது நடக்காது. பயணி கொடுப்பது ஃபேர். பஸ், ரயில், ஆட்டோ, விமானம் எல்லாவற்றுக்கும் அதுதான். "பஸ் சார்ஜ் ஏறிப்போச்சு" என்பது பேச்சுத் தமிழில் சரி, ஆங்கிலக் கட்டுரையில் 'பஸ் ஃபேர்' என்றுதான் வர வேண்டும். ஆளுக்குப் பதில் மூட்டை போனால் அது ஃப்ரெய்ட். சாலையையோ பாலத்தையோ கடக்கக் கொடுப்பது டோல். மருத்துவர், வக்கீல், ஆடிட்டர் வாங்குவது ஃபீ. சேர்க்கை, தேர்வு, விண்ணப்பம் ஆகியவற்றுக்கும் ஃபீதான். தப்புக்குக் கட்டுவது ஃபைன். நூலகத்தில் புத்தகத்தைத் தாமதமாகத் திருப்பிக் கொடுத்தால் ஃபைன், கிரெடிட் கார்டில் தாமதித்தால் பெரும்பாலும் 'லேட் ஃபீ'. வங்கிகள் தண்டனை என்ற வாடை வராமல் பார்த்துக்கொள்கின்றன போலும்.

சார்ஜ் எங்கே பொருந்தும்? நாம் வாங்க வந்த பொருளுக்கு மேல் ஒட்டிக்கொண்டு வரும் தொகைக்குக் கச்சிதமாகப் பொருந்தும். ஓர் உணவக பில்லை எடுத்துக்கொள்ளுங்கள். தோசைக்கு எதிரே இருப்பது ப்ரைஸ். பார்சல் டப்பாவுக்குப் போட்டது பேக்கிங் சார்ஜ். அடியில் இருக்கும் சிஜிஎஸ்டி, எஸ்ஜிஎஸ்டி இரண்டும் டாக்ஸ். நடுவே 'சர்வீஸ் சார்ஜ்' என்று ஒரு வரி இருந்தால் பலர் அதையும் வரி என்று நினைத்துக் கட்டிவிடுகிறார்கள். சர்வீஸ் டாக்ஸ் என்று ஒன்று இருந்தது உண்மை. 2017 ஜூலை 1 அன்று ஜிஎஸ்டி வந்ததும் அது அதற்குள் அடங்கிவிட்டது. டாக்ஸ் அரசுக்குப் போகிறது, சர்வீஸ் சார்ஜ் கடைக்காரருக்குப் போகிறது. அதை பில்லில் தானாகச் சேர்க்கக் கூடாது என்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூலையில் வழிகாட்டுதல் வெளியிட்டது. ஒரு சொல்லைச் சரியாகப் படித்தால் காசு மிஞ்சும் இடம் இது.

மின்கட்டணத்தில் மூன்று சொற்கள் உரசிக்கொள்ளும். யூனிட்டுக்கு இவ்வளவு என்பது ரேட். எத்தனை யூனிட் வரை எந்த ரேட் என்ற முழுப் பட்டியல் டாரிஃப். அந்தக் கணக்குப்படி உங்கள் தலையில் விழுந்த தொகை சார்ஜ்.

இலவசத்துக்கு 'ஃப்ரீ ஆஃப் காஸ்ட்' என்று நம்மூர் அலுவலகங்கள் எழுதுகின்றன. இந்திய ஆங்கிலத்தில் அது ஊறிப்போன வழக்கு. வெளிநாட்டு வாசகருக்கு எழுதும்போது 'ஃப்ரீ ஆஃப் சார்ஜ்' அல்லது 'அட் நோ காஸ்ட்' பாதுகாப்பு. வேடிக்கை என்னவென்றால், கட்டணம் ஒன்றே என்று கிடக்கும் தமிழ் இந்த இடத்தில் பிரித்துப் பேசுகிறது. தமிழ்நாட்டு அரசின் மடிக்கணினி 'விலையில்லா', பெண்களின் நகரப் பேருந்துப் பயணம் 'கட்டணமில்லா'. பொருளுக்கு விலை, சேவைக்குக் கட்டணம். இரண்டையும் மாற்றிப் போட்டுப் பாருங்கள், காது ஒப்பாது.

அடுத்து குற்றம். அக்யூஸ், சார்ஜ், பிளேம் மூன்றுக்கும் வேட்பாளர் ஒருவரே: 'குற்றம்சாட்டு'. பக்கத்து வீட்டுக்காரர்கூட உங்களை அக்யூஸ் செய்யலாம், சட்டப்படி சார்ஜ் செய்ய அதிகாரம் உள்ளவர் வேண்டும். பிளேம் என்பதில் குற்றமே இருக்க வேண்டியதில்லை. ரயில் தாமதத்துக்கு மழையைப் பிளேம் செய்யலாம். இடைச்சொற்களும் வேறு வேறு: அக்யூஸ் என்றால் 'ஆஃப்', சார்ஜ் என்றால் 'வித்', பிளேம் என்றால் 'ஃபார்'. 'சார்ஜ்டு ஆஃப் தெஃப்ட்' என்று எழுதினால் திருத்துபவர் அங்கேயே நின்றுவிடுவார். 'சார்ஜ்டு ஃபார்' வந்தால் இன்னும் மோசம், திருட்டுக்குக் கட்டணம் வாங்கியதாகப் பொருள் போய்விடும்.

செய்தி மொழிபெயர்ப்பில் பெரிய ஆபத்து இன்னொன்று. முதல் தகவல் அறிக்கை பதிவானால் 'புக்டு', அதாவது வழக்குப்பதிவு. விசாரணை முடித்துக் காவல்துறை நீதிமன்றத்தில் தருவது சார்ஜ் ஷீட், அதாவது குற்றப்பத்திரிகை. அதைப் படித்து இன்ன குற்றத்துக்கு விசாரிக்கலாம் என்று நீதிபதி முடிவுசெய்வது 'ஃப்ரேமிங் ஆஃப் சார்ஜ்'. சட்டத்தமிழில் குற்றச்சாட்டு வனைதல். இதெல்லாம் தாண்டித்தான் 'கன்விக்டட்'. காவலில் இருப்பவருக்கு இந்த வேறுபாடு உயிர்நாடி: குற்றத்தின் கடுமையைப் பொறுத்து 60 அல்லது 90 நாளுக்குள் குற்றப்பத்திரிகை தாக்கலாகாவிட்டால் ஜாமீன் கேட்பது அவர் உரிமை. புக்டு என்பதை 'குற்றப்பத்திரிகை தாக்கல்' என்று எழுதிவிட்டால் அந்த நாள் கணக்கே பொய்யாகிவிடும்.

தமிழ்நாட்டு அரசு ஊழியருக்கு ஒழுங்கு விதிகளின் 17(பி) பிரிவில் வரும் '17பி' சார்ஜ் மெமோவில் போலீஸ் கிடையாது. அது துறை நடவடிக்கை. அதை வைத்து ஒருவரை ஆங்கிலத்தில் 'கிரிமினல் சார்ஜ்' உள்ளவர் என்று எழுதினால் வம்பு.

மின்சாரத்தில் அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. பாடநூலில் மின்னூட்டம், இலங்கைப் பாடநூலில் ஏற்றம். 'சார்ஜ் போடு' என்பதை 'புட் சார்ஜ்' ஆக்காதீர்கள்; 'சார்ஜ் தி ஃபோன்' போதும், அல்லது 'ப்ளக் இட் இன்'. சார்ஜ் தீர்ந்தால் 'தி பேட்டரி இஸ் டெட்'.

கடைசியாகப் பொறுப்பு. நம்மூரில் 'இன்சார்ஜ்' ஒரு பதவியின் பெயராகவே ஆகிவிட்டது. வெளியே அனுப்பும் கடிதத்தில் தற்காலிகப் பொறுப்புக்கு 'ஆக்டிங்' என்று எழுதுவது தெளிவு. ரெஸ்பான்ஸிபிலிட்டி, விளைவுக்குப் பதில் சொல்வது. சார்ஜ், ஆணையிடும் இடத்தில் இருப்பது. கஸ்டடி, வெளியே விடாமல் வைத்திருப்பது. குழந்தையைப் பற்றிய வழக்கில் தவிர மற்ற இடங்களில் கஸ்டடி என்றாலே லாக்கப் நினைவுதான் வரும்.

இங்கே ஒரு 'தி' எல்லாவற்றையும் கவிழ்த்துவிடும். 'தி நர்ஸ் இஸ் இன் சார்ஜ் ஆஃப் தி பேஷன்ட்' என்றால் செவிலியர் நோயாளியைக் கவனிக்கிறார். அதையே நோயாளியில் தொடங்கினால் 'தி பேஷன்ட் இஸ் இன் தி சார்ஜ் ஆஃப் தி நர்ஸ்' என்று எழுத வேண்டும். சார்ஜுக்கு முன்னால் உள்ள அந்த 'தி' விட்டுப்போனால் படுக்கையில் கிடப்பவர் செவிலியருக்கு மேலதிகாரி ஆகிவிடுவார். சந்தேகமாக இருந்தால் 'அண்டர் தி கேர் ஆஃப்' என்று எழுதிவிட்டுப் போகலாம்.