கடை நாய்க்குட்டியா, தெரு நாய்க்குட்டியா?

பாலக்காடு பக்கம் கொழிஞ்சாம்பாறையில் நாய்க்குட்டி தேடினால் இரண்டு வழி. ஒன்று கடை. போன மாதம் ஒரு கடையில் பார்த்தேன்: கம்பிவலைத் தரையில் ஹஸ்கி குட்டி ஒன்று, பாதம் இடுக்கில் சிக்கிவிடும் என்று மூலையிலேயே ஒடுங்கிக் கிடந்தது. அந்தப் பனிநாட்டு ரோமத்தோடு பாலக்காட்டு வெயிலை எப்படித் தாங்கும்? 2017 மத்திய அரசு விதிப்படி எட்டு வாரம் ஆகாத குட்டியை விற்கக் கூடாது; தாய் நாய்க்கு ஆண்டுக்கு ஓர் ஈற்று, ஆயுளில் ஐந்துதான். ஆனால் அங்கே தாயைக் காட்டவே இல்லை. அதுதான் மனசு பொறுக்கவில்லை.

இன்னொரு வழி தெரு. தெருக்குட்டிக்குத் தாய் எதிரிலேயே நிற்கும். பால்குடி மறந்ததும் எடுத்து வரலாம். குடற்புழு மருந்து, தடுப்பூசி, அப்புறம் கருத்தடை, செலவு அவ்வளவுதான். பயம் தெளியச் சில வாரம் ஆகும், சரி. நான் இதைத்தான் எடுப்பேன்.